குணமா, கோளாறா? பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சின்னச் சின்னத் தொல்லைகள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். தாத்தா வைத்திருந்த 1966 மாடல், இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எஞ்சின் வேலை, பெயின்ட் எல்லாம் முடித்து வெளியே எடுத்திருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் திருச்சிக்குள்ளேயே ஆபீசுக்கு ஓட்டிப் போக ஆசை. பெரிய ரிப்பேர் எதுவும் பாக்கி இல்லை. ஆனால் கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது. மழை பெய்தால் கால்மிதி நனைகிறது. ராத்திரி சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது. வெயிலில் ஓட்டி, கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. முதல் கியர் கறகறக்கிறது. மெக்கானிக்கோ "பழைய வண்டி அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார். பழகிக்கொள்வதா, சரிசெய்வதா என்பது உங்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இவற்றில் எது வண்டியோடு பிறந்தது, எது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து இந்த வயது வண்டிகளில்தான் என் வேலை பெரும்பாலும். ஹெரால்டு, மோரிஸ் மைனர், ஃபியட், அம்பாசிடர் என்று கழற்றிப் பூட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. உரிமையாளர்கள் டிசைன் குறை என்று பொறுத்துக்கொள்ளும் தொல்லைகளில் பெரும்பகுதி டிசைனால் வந்ததல்ல. ஐம்பது அறுபது வருடங்களில் யார் யாரோ அவசரத்துக்குச் செய்துவிட்டுப்போன குறுக்குவழிகள் அவை. பிறவிக் குறைகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, காரணமும் தெளிவு. உங்கள் வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஹெரால்டைப் புரிந்துகொள்ள அதுதான் வழி. இந்த வண்டி 1959இல் இங்கிலாந்தில் வந்தபோது மற்ற கம்பெனிகள் பாடியும் அதைத் தாங்கும் சேசிஸும் ஒன்றேயான மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. இதைச் செய்த ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் கம்பெனி மட்டும் தனி சேசிஸுக்குத் திரும்பியது. அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டிருந்தது. முழு பாடியைச் செய்து தர ஆளில்லாததால், துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, சேசிஸின் மேல் வைத்து போல்ட் முறுக்கும்படி வடிவமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலொட்டி. பிரித்துப் பெட்டிகளில் அடைத்து வேறு நாட்டில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1960களில் இதைத் தயாரிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஹெரால்டில் கதவு பொருந்துவது கதவைச் சேர்ந்த விஷயமே இல்லை. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளான அவுட்ரிகர்கள் மேல் பேக்கிங்கும், உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மும் வைத்து பாடி உட்காருகிறது. அந்த பேக்கிங் நசுங்கினாலோ, அவுட்ரிகர் துருப்பிடித்து ஓரம் தாழ்ந்தாலோ, கதவுச் சட்டம் கோணுகிறது. பெயின்டுக்காக பாடியைத் தூக்கி, திரும்ப இறக்கும்போது எந்த ஷிம் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால் அன்றே கதவு இடிக்கத் தொடங்கிவிடும். உங்கள் வண்டிக்கு இப்போதுதான் பெயின்ட் முடிந்திருக்கிறது என்பதால் என் முதல் சந்தேகம் அங்கேதான் போகிறது. இரண்டாவது சந்தேகம் கதவு ஓரத்தில் ஓடும் புது ரப்பர் பீடிங். கடையில் கிடைக்கிற தடித்த பீடிங்கை ஒட்டிவிடுவார்கள், கதவு அதை நசுக்கிக்கொண்டு மூட வேண்டியிருக்கும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஒரு பக்கத்து பீடிங்கை மட்டும் உருவிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். விரல் தள்ளலுக்கே மூடினால் குற்றவாளி ரப்பர்தான், மெலிதான பீடிங் தேடி வாங்குங்கள். அப்போதும் இடித்தால் கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லாமல் கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் பாடி மவுண்டிங்கில் வேலை இருக்கிறது. கீலுக்கும் தூணுக்கும் நடுவே மரக்கட்டையை வைத்துக் கதவை வளைத்துச் சரிசெய்கிறேன் என்று எந்த டிங்கர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அப்படி வளைத்த கீலைப் பிறகு நேராக்குவது பெரும்பாடு.

தண்ணீர் உள்ளே வருவதில் பாதி பிறவி. இந்த வண்டியின் கூரைகூட போல்ட் போட்டு இணைத்ததுதான். இணைப்பு இருக்கும் இடமெல்லாம் ரப்பர் அல்லது சீலர் இருக்கும், அத்தனையும் காலத்தில் இறுகும். அதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கான் பிதுக்காதீர்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்தினால் எங்கே ஊடுருவுகிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். மேலிருந்து தொடங்கினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக ஒழுகி எதுவும் புரியாது. கண்ணாடி ரப்பர், தரையில் இருக்கும் ரப்பர் மூடிகள், முன்தடுப்பில் வயர் நுழையும் ஓட்டைகள் இவை மூன்றையும் சரிசெய்தால் தூறலுக்கு உள்ளே நனையாது. ஐப்பசி அடைமழைக்குக் கொஞ்சம் நனையத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. அழகுக்காகப் போட்ட ஸ்பாஞ்ச் வைத்த கார்ப்பெட் தண்ணீரைக் குடித்து வாரக்கணக்கில் வைத்திருக்கும், தரைத் தகடு அடியோடு போய்விடும். கழற்றி எடுக்கக்கூடிய ரப்பர் மேட் போதும்.

ஹெட்லைட் மங்குவதற்கு வருகிறேன். வண்டியில் மின்சாரம் தருவது இன்னும் பழைய டைனமோதான் என்றால், வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் அது பேட்டரிக்குச் சார்ஜ் தராது. டாஷ்போர்டில் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்குவதும் வெளிச்சம் குறைவதும் இயல்பு. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வெளிச்சம் ஏறினால் டைனமோ ஆரோக்கியமாக இருக்கிறது என்றே அர்த்தம். ஊரே காலியாகக் கிடந்த காலத்துக்கு இது போதுமாக இருந்தது. இன்றைக்குப் பத்து நிமிஷம் நகராமல் நிற்கும் டிராஃபிக்கில் போதாது. டைனமோவுக்குப் பதில், ஐடிலிலும் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர் மாற்றுவது நியாயமான தீர்வுதான், நானே பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி பாடியோடு இணைந்து எர்த் ஆகியிருக்கும். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம். வழக்கமான ஆல்டர்னேட்டரோ மொபைல் சார்ஜரோ நெகட்டிவ் எர்த் என்று நம்பிச் செய்யப்பட்டவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் பூட்டிய மறுகணம் புகைந்துவிடும்.

நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி மங்கல், அல்லது இண்டிகேட்டர் போட்டால் வேறு ஏதாவது ஒரு லைட் சேர்ந்து மினுக்குகிறது என்றால் அது டைனமோவின் குணம் அல்ல, எர்த் கோளாறு. ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து, ஒரே பானெட்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், மெக்கானிக்குக்கு இதைவிட வசதியான வண்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த லைட்டுகளின் வயர் ஒவ்வொரு தடவை பானெட் திறக்கும்போதும் மடங்கி நிமிர்கிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும், வெளியே இன்சுலேஷன் நன்றாகவே தெரியும். புது பெயின்ட் வேறு போல்ட் உட்காரும் இடங்களை மூடி எர்த்தைத் தடுத்திருக்கும். ஹெட்லைட், பார்க் லைட் எர்த்துகளைத் தனி வயராக இழுத்து, ஒரே இடத்தில் பேட்டரி எர்த்தோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, செலவும் அதிகமில்லை. வயதான எலக்ட்ரீஷியன் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த வண்டியில் இருக்கும் லூகாஸ் கம்பெனி மின்சார அமைப்பு தமிழ்நாட்டு எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ஒன்று. சென்னையில் பாடி என்ற பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை வந்து ஒரு தலைமுறையே அதில் கை பழகியிருக்கிறது.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததுதான் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று. இரண்டு வேறு காரணங்கள் ஒரே முகத்தைக் காட்டும். கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது காற்றும் உள்ளே வரும் பெட்ரோலும் அதைக் குளிரவைக்கும். நிறுத்தியதும் கீழிருந்து ஏறும் சூடு கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் தேங்கி இருக்கும் பெட்ரோலைக் கொதிக்கவைத்துவிடும். இது பிறவிக் குணம். ஆனால் கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த இன்சுலேட்டர் இருந்தால் இது வெகுவாகக் குறையும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாதா பேக்கிங் வெட்டி வைத்த வண்டிகள் எத்தனையோ. இன்னொரு காரணம், பிளக்குக்கு ஸ்பார்க் தரும் அமைப்பில், சூடானால் மட்டும் சோர்ந்துபோகும் காயில் அல்லது கண்டென்சர். அடுத்த தடவை அடம் பிடிக்கும்போது பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் அடியில் இருக்கும் கைநெம்பைச் சில தடவை அடியுங்கள். ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு, சோக் இழுக்காமல், செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் பெட்ரோல் பக்கம். பிடிக்காவிட்டால் ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள், மஞ்சளாகவும் மெலிதாகவும் இருந்தால் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பதுதான் மலிவான முதல் படி. ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள்.

இதோடு ஒட்டிய விஷயம், எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றிப் போடும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிராகவே ஓடும், பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும், ரிங் தேயும். டிராஃபிக்கில் சூடு ஏறுவது அடைத்துக்கிடக்கும் ரேடியேட்டராலும் தளர்ந்த ஃபேன் பெல்ட்டாலும்தான். ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுக்கும் ராடிங் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

முதல் கியர் கறகறப்பு முழுக்க முழுக்கப் பிறவி. கியர் பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சத்தமில்லாமல் சேரவைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. அந்தக் காலத்து வண்டிகளில் அது சகஜம். வண்டி முழுதாக நின்ற பிறகு போடுங்கள், அல்லது நியூட்ரலில் ஒரு தடவை கிளட்ச்சை விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, திரும்ப மிதித்துக் கியர் போடும் டபுள் கிளட்ச் பழகுங்கள். ஊர்ந்து நகரும் டிராஃபிக்கில் இது எரிச்சல்தான், மாற்று வழி கிடையாது. ஆனால் சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இன்றே விடுங்கள். இந்த எஞ்சினில் சுழலும் பிரதான தண்டான கிராங்க் முன்பின் நகராமல் தாங்குவது அரைவட்டத் தகடாக இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு நொடியும் அவை தேய்கின்றன. அதிகம் தேய்ந்தால் கழன்று கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க்கே எஞ்சின் பிளாக்கை அரைக்கும். ஒருவரைக் கிளட்ச் மிதித்து விடச் சொல்லி முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு முன்பின் அசைந்தால் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முன்சக்கரத்தின் நிமிர்ந்த தண்டு கீழே ட்ரன்னியன் என்ற பித்தளை வார்ப்புக்குள் மரையில் திருகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில். சர்வீஸில் பையன் கிரீஸ் கன்னை எடுத்து எல்லா இடத்திலும் அடிக்கும்போது அங்கும் அடித்துவிடுவான். கிரீஸ் மரையின் அடி வரை போகாமல் இறுகி அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் புகுந்து தண்டு அரிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முறிந்த தண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று மட்டும்தான் ஓட்டுபவருக்குத் தெரியும், பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டுவிடுவார். முதலில் இரண்டு பக்கமும் கழற்றி, தண்டின் மரையைச் சுத்தம் செய்து, அரிப்பு இருக்கிறதா பாருங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கியர் ஆயில் நிரப்பிய தனி கன் வைத்து, பழைய ஆயில் வெளியே கசியும் வரை அடியுங்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் முன்சஸ்பென்ஷனும் ஏறக்குறைய இதே குடும்பம் என்பதால் இந்த உதிரிகள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிக் கடைகளில் கிடைக்கும் பழையதை இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் வாங்க வேண்டாம்.

பின்சக்கரங்கள் உங்களை ஏமாற்றும். ஹெரால்டின் பின்னால், ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில். சுமைக்கு ஏற்பச் சக்கரத்தின் சாய்வே மாறும். ஜாக்கி போட்டு இறக்கியதும் இரண்டு சக்கரமும் உள்ளே மடங்கி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வண்டியைக் கொஞ்சம் உருட்டினால்தான் இயல்புக்கு வரும். வீல் அலைன்மென்ட் கடையில் இதைத் தெரியாமல் அளந்துவிட்டு ஆக்சில் வளைந்திருக்கிறது என்பார்கள், நம்பாதீர்கள். இந்த அமைப்பு நம் ஊர் உரிமையாளர்கள், மெக்கானிக்குகள் சிலருக்குப் பிடிக்காததால்தான், ஹெரால்டை அடுத்து 1972இல் வந்த கேஸல் மாடலில் சாதாரண நேர் ஆக்சிலுக்கு மாற்றினார்கள் என்று சொல்வார்கள். ஊருக்குள் ஆபீஸ் போய்வர இதனால் சிரமம் இல்லை. கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போனால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டு பிரேக் பிடித்தால் வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும்.

மற்றவை பழகிவிடும். 7.6 மீட்டர் வட்டத்தில் திரும்பும் இந்த வண்டியை எந்தச் சந்திலும் திருப்பிவிடலாம், ஆனால் முழு லாக்கில் அடிக்கடி திருப்பினால் முன்டயர் சீக்கிரம் தேயும். கதவு நீளம் என்பதால் நெருக்கமான பார்க்கிங்கில் இறங்கச் சிரமம். பெரியவர்களைப் பின்சீட்டில் ஏற்றுவதும் கஷ்டம்தான். 1960களின் பிற்பாதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வந்ததற்கு நம் குடும்பங்களின் தேவையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். பானெட் கொக்கிகள் இரண்டும் வெளியே, பூட்டு இல்லாமல் இருக்கின்றன. தெருவில் நிறுத்துவதானால் பேட்டரிக்கு ஒரு பூட்டுப்பட்டை போடுங்கள். முன்னால் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், பானெட் திறக்க இடம் வேண்டும்.

இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது ஊதி மென்மையாக்கிவிடும், டேங்க்கில் ஈரத்தையும் இழுத்து வைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயஃப்ரம் கிட், ஒரு ஃபில்டர் இவை மூன்றும் கட்டாயம். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் கருத்து, பிளக் வெளுத்துத் தெரிந்தால் மட்டும் மாற்றலாம்.

ஆர்.சி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு கிடைக்கிறது, அழகான நம்பரும் வரும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்ட விதி இடம் தரவில்லை. ஆபீசுக்கு ஓட்டுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் சாதாரண ஆர்.சி.யிலேயே இருங்கள்.

முதலில் ட்ரன்னியனையும் கிராங்க் அசைவையும் பாருங்கள், அவை முடியும் வரை ஓட்ட வேண்டாம். பிறகு பெட்ரோல் ஹோஸ், எர்த் வயர்கள். கதவும் மழையும் அதற்கப்புறம். கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலும் கீழும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், அடியில் அவுட்ரிகர்களின் படம், பேட்டரி இணைப்பின் படம் ஆகியவற்றை இங்கேயே போடுங்கள். ஷிம் எங்கே வைக்க வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.